இரண்டாம் வரிசை ஓவியரிடம் பாடம் கேட்பது

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவில் அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். வயது 44. பென்சிலில் வரைவது சிறுவயதுப் பழக்கம். தைலவண்ணத்தைத் தொட்டது சென்ற ஆண்டுதான். சில மாதங்கள் ஆப்பிள், செம்புக் குடம், முட்டம் கடற்கரை என்று வரைந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓரளவுக்கு வந்தது. எதையும் கற்றுக்கொண்ட நிறைவு வரவில்லை. பெரிய படம் ஒன்றை அப்படியே பிரதியெடுத்தால் மொத்த வித்தையும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்து, பிரெஞ்சு ஓவியர் போல் டெலரோஷ் வரைந்த ‘லேடி ஜேன் கிரேயின் மரணதண்டனை’யை எடுத்துக்கொண்டேன். கண் கட்டப்பட்ட அந்தப் பெண் வெட்டுக்கட்டையைக் கையால் தேடும் காட்சி, முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

24-க்கு 36 அங்குல கேன்வாஸ் வாங்கினேன். அதன் அகலம் கூடுதலாக இருந்ததால் உருவங்களுக்கு இடையே கொஞ்சம் இடம் விட்டு நிரவிக்கொண்டேன். முகம் சரியாக வந்தால் மீதியெல்லாம் வந்துவிடும் என்று முகத்தில் தொடங்கினேன். முகம் நன்றாகவே வந்தது. அதன் பிறகுதான் சிக்கல். உடைக்கு வெள்ளை பூசப் பூச அது சுண்ணாம்பு அடித்த சுவராகிறது. பட்டின் பளபளப்பு வரவே இல்லை. பின்னணிக் கறுப்பு சீக்கிரம் காயட்டும் என்று ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்தேன். பல வாரங்களாகியும் கையில் ஒட்டுகிறது. அதன் மேல் டர்பன்டைன் கலந்து வரைந்த தூணில் இப்போதே மெல்லிய வெடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அசலில் இருக்கும் பதைபதைப்பு என் படத்தில் இல்லை. காரணம் தெரியவில்லை. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “பிரதி எடுப்பது ஜெராக்ஸ் வேலை. அதிலும் டெலரோஷ் காலாவதியான நாடகக் காட்சிக்காரர். எடுத்தே தீருவேன் என்றால் ரெம்பிராண்டை எடு” என்றார். பிரதி எடுத்துக் கற்பது சரியான வழிதானா? இந்தப் படத்தைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? முடித்தால் வீட்டில் மாட்டுவதோ, யாராவது கேட்டால் விற்பதோ தவறா?

அன்புடன்,
எஸ்., நாகர்கோவில்

* * *

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. டெலரோஷ் முதல் வரிசை ஓவியர் அல்லர். 1834-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் இந்தப் படத்தின் முன் கூட்டம் அலைமோதியது. ஆனால் தியோஃபில் கோத்தியே போன்ற விமர்சகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில் தெலக்ருவா வரைந்துகொண்டிருந்தார். இருவரின் படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் யார் பெரியவர் என்று நெடுநேரம் யோசிக்கமாட்டார்கள்.

ஆனால் நீங்கள் தேடுவது ஆசிரியரை. ஆசிரியர் இரண்டாம் வரிசையில் இருப்பது நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. தொடக்கநிலையில் இருப்பவர்கள் எடுத்த ரெம்பிராண்ட் பிரதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பழுப்பு இருட்டு, மூக்கு நுனியில் ஒரு கட்டி வெள்ளை. ரெம்பிராண்டின் கை ஒரு தீற்றலை வைத்துவிட்டு, அது விழுந்த விதத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்கிறது. அந்த யோசனையின் தடத்தைப் பின்னோக்கிப் படிக்க, நாமும் ஏறத்தாழ அவரளவுக்கு வரையத் தெரிந்தவராக இருக்கவேண்டும். இல்லையென்றால் அவருடைய கைநடையின் மேல்தோல் மட்டும் நம் கையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கழுவ வருடங்கள் ஆகும். டெலரோஷிடம் அந்த ஆபத்து இல்லை. தூரிகையின் தடமே தெரியாத வழவழப்பான பரப்பு அவருடையது. ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. கற்றுக்கொள்ள வேண்டியது முழுவதும் அடியில் இருக்கிறது: எதை முதலில் வைத்தார், எதை இருட்டில் தள்ளினார், எதற்கு மட்டும் வெளிச்சம் கொடுத்தார்.

அகாடமி ஓவியமுறை என்பதே அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஒழுங்குபடுத்தப்பட்ட முறை. டெலரோஷ் பாரிஸில் பெரிய பட்டறை ஒன்றை நடத்தினார். ஜெரோம் அவருடைய மாணவர். வயல்வெளி உழைப்பாளிகளை வரைந்த மில்லேவும் கொஞ்சகாலம் அங்கே படித்தவர்தான். ராகிங்கில் ஒரு மாணவர் இறந்துபோக, 1843-இல் டெலரோஷ் பட்டறையை மூடிவிட்டார் (ஆம், அந்த வியாதி அங்கேயும் இருந்தது). மாணவர்களை ஏற்றுக்கொண்டு கற்பித்தலைத் தொடர்ந்தவர் கிளேர். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கிளேரிடம் வந்து சேர்ந்த பையன்கள்தான் பின்னாளின் இம்ப்ரெஷனிச முன்னோடிகளான மோனேவும் ரெனுவாரும். காலாவதியான நாடகக் காட்சிக்காரரின் பட்டறை வழி எங்கே போய் முடிந்தது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

பிரதி எடுப்பது ஜெராக்ஸ் வேலை என்பதற்கு வருகிறேன். பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான எக்கோல் தெ போஸார், 1863-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை தன் வளாகத்தில் வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. அங்கே சொல்லிக்கொடுத்தது சித்திரம் வரைதல் மட்டும்தான். வண்ணத்தை மாணவர்கள் தனியார் பட்டறைகளிலும், லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓவியத் தாங்கியை நிறுத்திப் பிரதியெடுத்தும் கற்றார்கள். 1793-இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே லூவ்ரில் ஓவியர்களுக்கு அந்த உரிமை உண்டு. இன்றும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போய் வரையலாம். பிரதி அசலின் அளவில் இருக்கக்கூடாது, அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது என்பவை முக்கியமான நிபந்தனைகள். தெகா இளமையில் அங்கே பிரதியெடுத்துத் தள்ளியிருக்கிறார். பூசான் வரைந்த ‘சபைன் பெண்கள் கவர்ந்துசெல்லப்படுதல்’ என்ற பெரிய வரலாற்றுக் காட்சியை முழுமையாகத் தைலவண்ணத்தில் எடுத்தவர் அவர். பாலே பெண்களின் ஓவியர் என்று மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

உங்களுக்கு அதிகம் பயன்படும் உதாரணம் மானே. தெலக்ருவாவின் ‘தாந்தேயின் படகு’ படத்தை 1850-களில் அவர் இரண்டு முறை பிரதியெடுத்தார். ஒன்று அசலை நெருக்கமாகப் பின்பற்றுவது; லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது நியூயார்க் மெட்ரோபொலிட்டனில் இருக்கிறது. அதில் உருவங்கள் திட்டுத்திட்டான வண்ணங்களாக நிற்கின்றன, விவரங்கள் பாதி இல்லை. ஒரே படத்திடம் இரண்டு முறை போய் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். நீங்கள் எல்லாக் கேள்விகளையும் ஒரே கேன்வாஸில் கேட்டுவிட்டீர்கள்.

இனி படத்துக்குள் போவோம். இதை வரைய வேண்டுமென்றால் டெலரோஷ் சொன்ன பொய்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேன் கிரே 1553 ஜூலையில் ஒன்பது நாள் இங்கிலாந்தின் அரசியாக வைக்கப்பட்டவள். 1554 பிப்ரவரி 12 அன்று தலை வெட்டப்பட்டபோது வயது பதினாறோ பதினேழோ. தண்டனை நிறைவேறியது லண்டன் கோபுரக் கோட்டையின் உள்ளே, ஆனால் திறந்தவெளியில், புல்தரையில் எழுப்பிய மேடையில். அவள் கறுப்பு உடை அணிந்து வந்ததாகவே குறிப்புகள் சொல்கின்றன. கண்ணைக் கட்டிய பிறகு கட்டை கைக்கு அகப்படாமல், “என்ன செய்வேன்? எங்கே இருக்கிறது?” என்று தடுமாறினாள், அருகில் நின்ற ஒருவர் வழிகாட்டினார். இது மட்டும் சமகாலப் பதிவில் இருக்கும் செய்தி.

டெலரோஷ் இந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். புல்வெளியைத் தூண்கள் நிறைந்த இருட்டு மண்டபமாக்கினார். கறுப்பு உடையை வெண்பட்டாக்கினார். வழிகாட்டிய பெயரற்ற மனிதரின் இடத்தில் கோட்டைப் பொறுப்பாளர் சர் ஜான் பிரிட்ஜஸைக் கரிய மேலங்கியோடு அவள் பின்னால் குனியவைத்தார். வலப்பக்கம் சிவப்புக் காலுறையோடு கோடரிக்காரன். இடப்பக்கம் இரண்டு தோழிப் பெண்கள். ஒருத்தி சரிந்து உட்கார்ந்திருக்கிறாள், மற்றவள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்தரையில் வைக்கோல்.

வரலாற்றாசிரியர்கள் இந்த மாற்றங்களைக் குற்றப்பட்டியலாகப் படிப்பார்கள். தூரிகை பிடித்தவர் வேறுவிதமாகப் படிக்கவேண்டும். பிப்ரவரி மாத லண்டனின் திறந்தவெளி வெளிச்சம் எல்லோர் மேலும் ஒரேமாதிரி விழும். அதில் கறுப்பு உடுத்திய பெண், கறுப்பு உடுத்திய அதிகாரிகளுக்கு நடுவே காணாமல் போவாள். கூரை போட்டதால் வெளிச்சம் ஓவியரின் கைக்குள் வந்தது. உடையை மாற்றியதால் அந்த வெளிச்சம் போய் விழ ஒரே ஓர் இடம் கிடைத்தது. சிறிய உருவ மாதிரிகள் செய்து நிறுத்தி, ஒளி எப்படி விழுகிறது என்று சோதித்துவிட்டு வரைகிற வழக்கம் டெலரோஷுக்கு உண்டு. இந்தப் படத்தில் அந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. கண் முதலில் வெள்ளைக்குப் போகிறது; அங்கிருந்து நீட்டிய கைகளின் வழியே கீழே இறங்குகிறது; விரல் நுனிக்கும் கட்டைக்கும் இடையே உள்ள சிறிய வெற்றிடத்தில் நின்றுவிடுகிறது. பதைபதைப்பு என்று நீங்கள் சொன்னது அந்த வெற்றிடத்தில் இருக்கிறது.

உங்கள் படத்தில் அது ஏன் இல்லை என்பதற்கு இங்கே பதில் வந்துவிட்டது. அசலின் அளவு 246-க்கு 297 சென்டிமீட்டர். அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.2-க்குச் சற்று மேல். உங்கள் கேன்வாஸில் அது 1.5. உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தைக் கிட்டத்தட்ட கால் பங்கு கூட்டி, அந்தக் கூடுதல் இடத்தை உருவங்களுக்கு நடுவே பங்குபோட்டிருக்கிறீர்கள். புகைப்படத்தில் பார்த்தேன்: ஜேனின் கைக்கும் கட்டைக்கும் இடையே இன்னொரு ஆள் உட்காரலாம். அவள் கட்டையைத் தேடுவதாகத் தோன்றவில்லை, தூரத்தில் யாரையோ அழைப்பதாகத் தோன்றுகிறது. கோடரிக்காரனும் தள்ளிப் போய், சம்பந்தமில்லாத காவலாளி ஆகிவிட்டான். ஒரு கணக்கு ஆசிரியர் விகிதத்தில் இத்தனை தாராளம் காட்டியதை உங்கள் மாணவர்கள் அறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இந்தக் கேன்வாஸைத் தொடரவேண்டாம். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். முகத்துக்காக மனம் அடித்துக்கொள்ளும், பொருட்படுத்தாதீர்கள். முகத்தில் தொடங்கியதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். வெள்ளைக் கேன்வாஸின் நடுவே தனியாக வரைந்த முகத்தின் நிறம், சுற்றிலும் இருந்த வெள்ளையோடு ஒப்பிட்டு முடிவானது. அதனால் தேவைக்கு மேல் வெளுத்தது. பின்னால் கறுப்பு வந்ததும் எல்லாக் கணக்கும் மாறிவிட்டது. அதற்கு ஈடுகொடுக்க உடையில் மேலும் மேலும் வெள்ளை அடித்தீர்கள்.

50-க்கு 60 சென்டிமீட்டர் கேன்வாஸ் ஒன்று வாங்குங்கள். கடைகளில் 20-க்கு 24 அங்குலம் என்று சொல்வார்கள். கிட்டத்தட்ட அதே விகிதம். இது அசலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உயரத்தை ஐந்தாகவும் அகலத்தை ஆறாகவும் பிரித்தால் பத்து சென்டிமீட்டர் சதுரங்கள் கிடைக்கும். அச்சிட்ட படத்திலும் அதேபோல் பிரித்துக்கொள்ளுங்கள். சதுரங்களை வைத்து விரல் நுனி, கட்டை, ஐந்து தலைகள், கோடரி, தூண்களின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் புள்ளியிட்டுவிட்டுக் கட்டங்களை அழித்துவிடுங்கள். கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனால் கண் வேலை செய்யாது.

முதல் பிரதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். ஐவரி பிளாக் என்ற கறுப்பு, பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு, டைட்டானியம் வெள்ளை, இந்த மூன்று போதும். அச்சிட்ட படமும் கறுப்பு வெள்ளையாக இருக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டெலரோஷின் படங்களை உலகம் அறிந்ததே செதுக்கு அச்சுகளின் வழியாகத்தான். அவற்றை விற்ற கூப்பில் நிறுவனத்தில் பின்னாளில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரின் பெயர் வின்சென்ட் வான்கா. அவர் 1889-இலும் 1890-இலும் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லேயின் படங்களை இருபதுக்கும் மேல் பிரதியெடுத்தார். எதிரே அவர் வைத்திருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். அவற்றில் இல்லாத வண்ணத்தைத் தானே கண்டுபிடித்தார்.

முதலில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து மெலிதாக முழுக் கேன்வாஸிலும் தேய்த்துவிடுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே, வெளிச்சம் வேண்டிய இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். ஜேனின் தோளும் மார்பும், கைகள், கொஞ்சம் வைக்கோல், சரிந்தவளின் முகம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் படம் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அது காய்ந்ததும் மொத்தப் படத்தையும் ஐந்தே டோன்களில் (வெளிச்சம் முதல் இருட்டு வரை ஐந்து படிகளில்) திட்டுத்திட்டாக வையுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால், இரண்டு தோழிகளும் தூணும் ஒரே இருண்ட வடிவமாக ஒன்றிவிடுவது தெரியும். அந்த ஒன்றுதலைக் கெடுக்காமல் அதற்குள் இரண்டு பெண்களைப் பிரித்துக் காட்டுவதுதான் டெலரோஷ் செய்த கடினமான வேலை. முகம் வரைவதெல்லாம் அதற்குப் பிறகு.

சாம்பல் பிரதியை முடித்ததும் அதைத் தனியே வைத்துவிட்டு, வெண்பட்டு உடையை மட்டும் வேறொரு சிறிய கேன்வாஸில் வண்ணத்தில் எடுங்கள். என்னைக் கேட்டால் படத்தின் மொத்தப் பாடமும் அந்த உடைதான். ஒரு தடித்த அட்டையில் பட்டாணி அளவுக்குப் பொத்தல் போட்டு, வண்ண அச்சின் மேல் உடை முழுவதும் நகர்த்திப் பாருங்கள். நீங்கள் வெள்ளை என்று நினைத்த இடங்களில் பழுப்புச் சாம்பல், மஞ்சள் சாம்பல், சற்றே நீலம் கலந்த சாம்பல் எல்லாம் வரும். உண்மையான வெள்ளை, மடிப்பின் முதுகில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மெல்லிய கீற்றாகத்தான் இருக்கும். பட்டு பளபளப்பது அந்தக் கீற்று வெள்ளையாக இருப்பதால் அல்ல. அதற்கு ஒட்டினாற்போலவே எதிர்பாராத அளவு இருண்ட டோன் இருப்பதால். பருத்தித் துணியில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் வழி நீளம். பட்டில் அது சட்டென்று முடிந்துவிடும். உங்கள் உடை சுண்ணாம்புச் சுவரானதற்குக் காரணம், வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளையையே வைத்ததுதான்.

செய்முறை: நடு டோனில் உடை முழுவதையும் நிரப்புங்கள். பிறகு இருண்ட மடிப்புகள். பிறகு வெளிச்ச மடிப்புகள். இவை பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியட்டும், உடனே குழைக்காதீர்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பார்க்கும்போது பட்டாகத் தெரிந்தால், உலர்ந்த மென்தூரிகையால் எல்லைகளை மட்டும் லேசாகத் தடவி இணையுங்கள். தெரியவில்லையென்றால் டோன் தவறு. எவ்வளவு குழைத்தாலும் சரியாகாது. டெலரோஷின் வழவழப்பைப் பார்த்து எல்லோரும் முதலிலேயே குழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வழவழப்பு கடைசி வேலை. கடைசிக் கீற்று வெள்ளையை வைத்த பிறகு அதைத் தொடவே கூடாது.

வைக்கோலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒவ்வொரு தாளாக வரைந்திருக்கிறீர்கள், பொறுமை தெரிகிறது, ஆனால் கண் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டையைச் சுற்றி மட்டும் தனித்தாள்கள் சில. மீதி மங்கிய மஞ்சள் பழுப்புத் திட்டு.

இப்போது பிசுபிசுக்கும் கறுப்புக்கு வருவோம். தைலவண்ணம் தண்ணீர் வற்றுவதுபோல உலர்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படுகிறது. ஆகவே எண்ணெயைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நீங்கள் நினைத்தது தலைகீழ். போதாததற்கு ஐவரி பிளாக் இயல்பிலேயே மெதுவாகக் காயும் வண்ணம். அம்பர் வண்ணங்களில் மாங்கனீசு இருப்பதால் அவை விரைவாகக் காயும். ஆழ்ந்த இருட்டு வேண்டிய இடத்தில் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து பூசினால் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும், சில நாட்களில் காய்ந்தும் விடும். தூணில் வெடிப்பு வந்ததும் அந்தக் கூடுதல் எண்ணெயால்தான். எண்ணெய் மிகுந்த அடுக்கு அடியில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மேலே டர்பன்டைன் கலந்த மெலிந்த அடுக்கு முந்திக் காய்ந்து இறுகுகிறது. அடிப்பகுதி அசையும்போது மேல்தோல் பிளக்கிறது. அடி அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல்: இதைத் தூரிகைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய ஓவியர்களையும் இருட்டு பழிவாங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்களில் பலருக்குப் பிட்டுமென் என்கிற தார்ப் பழுப்பின் மேல் ஒரு மோகம். பூசும்போது அற்புதமாக இருக்கும். ஒருபோதும் முழுமையாகக் காயாது. ஆண்டுகள் போகப் போகக் கறுத்துச் சுருங்கும். ஜெரிகோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ அப்படித்தான் சீரழியத் தொடங்கியது. அது முற்றிலும் கெட்டுப்போவதற்குள் என்று 1859, 60-இல் இரண்டு ஓவியர்களைக் கொண்டு முழு அளவுப் பிரதி ஒன்று எடுக்கவைத்தார்கள். இன்று அந்தப் பிரதி அமியான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ் என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் படத்துக்கே ஒரு கதை உண்டு. 1928-இல் தேம்ஸ் நதி பெருகி லண்டன் டேட் கேலரிக்குள் புகுந்தபோது ஜேன் கிரே அழிந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். 1973-இல், ஜான் மார்ட்டின் என்பவரின் படத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர் ஒருவர் சுருட்டி வைக்கப்பட்டிருந்த இதைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய சேதமே இல்லை. 1975 முதல் லண்டன் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. நாற்பத்தைந்து ஆண்டுகள் யாரும் அசலைப் பார்த்துப் பிரதியெடுக்க வாய்ப்பே இல்லாத படம்.

உங்களுக்கும் அந்த வாய்ப்பு இப்போதைக்கு இல்லை. திரையில் பார்த்துத்தான் எடுக்கிறீர்கள். நேஷனல் கேலரியின் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படம் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். தேடலில் கிடைக்கும் மற்ற படங்களில் ஒன்றில் உடை மஞ்சள், இன்னொன்றில் நீலம். வண்ணத்தை நம்பமுடியாது, டோன்களின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் நம்பலாம். புகைப்படத்தைக் கண்டதும் ‘இன்றோடு ஓவியம் செத்தது’ என்று டெலரோஷ் சொன்னதாக ஒரு மேற்கோள் உலவுகிறது. ஆதாரம் இல்லாதது. 1839-இல் டாகரின் புகைப்பட முறை ஓவியர்களுக்கு எவ்வளவு பயன்படும் என்று ஆதரித்து எழுதிக்கொடுத்தவர் அவர். நீங்கள் திரையைப் பார்த்து வரைவதை அவர் குறையாக நினைத்திருக்கமாட்டார்.

ஆனாலும் திரை ஒன்றைக் காட்டாது: வண்ண அடுக்கின் தடிமன். அதற்குத் திருவனந்தபுரம் போய்வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. ஸ்ரீசித்ரா கலைக்கூடம் இருக்கும் அருங்காட்சியக வளாகத்தில், ராஜா ரவிவர்மா கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் அசல் தைலவண்ணப் படங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய அகாடமி முறையைத் தூரத்திலிருந்து கற்றுக்கொண்டவர் அவர். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் கற்றுக்கொடுக்க மறுத்து, தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பக்கவாட்டில் நின்று, சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் படங்களின் பரப்பைப் பாருங்கள். நகையும் சரிகையும் எங்கே தடித்திருக்கின்றன, நிழல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கறுப்பில் என்ன தவறு என்று கைக்குப் புரிந்துவிடும். ரவிவர்மா பிடிக்குமா பிடிக்காதா என்ற விவாதத்தை அன்று ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சாம்பல் பிரதி ஒன்று, உடை ஒன்று, நீட்டிய கைகளும் கட்டையும் ஒன்று. இந்த மூன்றோடு டெலரோஷை விட்டுவிடலாம். ஐந்து உருவங்களையும் வண்ணத்தில் முடித்து, சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்ற ஆசை இருந்தால் தடுக்கமாட்டேன். ஆனால் அதில் புதிதாகக் கற்க அதிகம் இருக்காது. அந்த நேரத்தில் செம்புக் குடத்துக்குத் திரும்புங்கள். ஒரு வெள்ளை வேட்டியை மடித்து அதன் பக்கத்தில் போட்டு, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து வரையுங்கள். முன்பு சலித்த குடம் இப்போது சலிக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

மாட்டுவதிலும் விற்பதிலும் தவறில்லை. டெலரோஷ் இறந்தது 1856-இல். படத்துக்குக் காப்புரிமை கிடையாது. கேன்வாஸின் பின்பக்கம் ‘டெலரோஷின் படத்தைப் பார்த்து எடுத்த பிரதி’ என்று எழுதி, உங்கள் பெயரும் ஆண்டும் போடுங்கள். முன்பக்கம் அவர் கையெழுத்தைப் போடாதீர்கள்.

மறந்துவிடுவதற்குள் ஒன்று: புகைப்படத்தின் ஓரத்தில், எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் திணித்து வைத்திருப்பது தெரிகிறது. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி, குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இன்றைக்கே அவற்றை எடுத்துத் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூடி வெளியே வையுங்கள்.